மார்கழியில் வால்பாறை: தள்ளி நின்று எடுத்த படங்கள்

ஞாயிறு – ஆழியாறு, மலைப்பாதை

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாண போட்டோகிராபருக்குக் கை ஓய்ந்துவிடும். ஆடியும் அப்படித்தான். முகூர்த்தம் இல்லாத இந்த இரண்டு மாதங்கள்தான் என்னைக் காட்டு விலங்குகள் பக்கம் இழுத்துவிட்டன. ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்த புதிதில், வேலையில்லாத காலைகளில் முதலாளியின் பழைய கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வெள்ளோடு ஏரிக்குப் போவேன். கூழைக்கடா, பாம்புத்தாரா, மஞ்சள்மூக்கு நாரை என்று ஏதாவது இருக்கும். கல்யாணப் படம் என்றால் "என்னை ஏன் இப்படிக் கறுப்பா எடுத்தீங்க" என்று கேட்க பத்துப் பேர் வருவார்கள். கூழைக்கடா எதுவும் கேட்காது. அது எனக்குப் பிடித்துப்போனது.

இந்த மார்கழிக்கு வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சமதளம், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதைக்கு என்று எப்போதும் கூப்பிடும் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எனக்கு முன்னால் அவர் கண்ணுக்குத்தான் விலங்குகள் படும். வண்டியில் ஏறும்போதே பையைப் பார்த்துவிட்டு, "என்னங்க சார், பெரிய லென்சைக் காணோம்?" என்றார். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் 500 எம்எம் லென்ஸ் இல்லாமல் வால்பாறைக்கு வருவது வேறு போட்டோகிராபர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். இந்த முறை கையில் இருப்பது சுற்றுப்புறத்தையும் சேர்த்து அகலமாக எடுக்கிற 24-70, ஓரளவு மட்டும் கிட்ட இழுக்கிற 70-200 என்ற இரண்டு லென்ஸ்கள்தான்.

காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு பள்ளியில் என் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு சிங்கவால் குரங்கின் முகம். வெள்ளிப் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், பின்னணி மொத்தமும் பச்சையாகக் கரைந்திருக்கும். எல்லோரும் பாராட்டிய படம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து நின்று பார்த்துவிட்டு, "அங்கிள், இது வண்டலூர்ல எடுத்ததா?" என்றாள். இல்லைம்மா, காட்டில் எடுத்தது என்றேன். "காடு எங்க இருக்கு இதுல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலும் எடுத்திருக்க முடியும் என்பது உண்மைதானே.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை மொத்தமாகத் தெரிகிற இடம். அங்கே தொடங்கி அடுத்த சில வளைவுகள் வரை வரையாடுகளைப் பார்க்கலாம். இன்றும் இருந்தன. பாறைச் சரிவில் பெட்டைகள் நாலைந்து, கொஞ்சம் மேலே ஒரு பெரிய கிடா. முதிர்ந்த கிடாவின் உடம்பு கரும்பழுப்பாகி, முதுகில் சேணம் போட்டதுபோல வெளுத்திருக்கும். உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழ்கிற விலங்கு அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்கச் சேர்த்தே 1,031தான் இருந்தன. அப்படிப்பட்ட ஒன்று தார்ச்சாலையின் தடுப்புச் சுவரில் நின்றுகொண்டு சிப்ஸ் பாக்கெட்டை முகர்ந்து பார்க்கிறது. புத்தாண்டுக் கூட்டம். உணவு தராதீர்கள் என்று வனத்துறை வைத்த பலகைக்குப் பக்கத்திலேயே நின்று ஊட்டுகிறார்கள்.

முன்பென்றால் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, சுவரும் ரோடும் தெரியாமல் ஆட்டை மட்டும் வெட்டி எடுத்திருப்பேன். பாறை, வானம், கொம்பு. காலண்டருக்கு நன்றாக இருக்கும். இன்று 24-70 போட்டு, சுவர், பஸ், செல்ஃபி எடுக்கும் பையன், ஆடு, கீழே அணை என்று எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தேன். சொன்னால் சுலபமாகத் தெரியும். ஆடு தலையைத் தூக்க வேண்டும், பஸ் சரியான இடத்துக்கு வர வேண்டும், பையனின் கை ஆட்டின் முகத்தை மறைக்கக் கூடாது. பின்னணியைக் கரைத்துவிட்டால் இந்தக் கவலை எதுவும் கிடையாது. கரையாத பின்னணிதான் கஷ்டம்.

திங்கள் – புதுத்தோட்டம்

வால்பாறை ஊருக்குப் பக்கத்தில், ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு துண்டு மழைக்காடு உண்டு. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராது. சுற்றிலும் தேயிலை, காப்பி. 1890களில் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டத் தொடங்கி, சில பத்தாண்டுகளில் இந்தப் பீடபூமியில் பெரும்பகுதியைத் தேயிலையாக்கினார்கள். தப்பித்த துண்டுகள் அங்கங்கே நிற்கின்றன. அவற்றில் ஒன்று இது. சிங்கவால் குரங்குகள் இங்கே நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காப்பாற்றச் சொல்லி எழுந்த போராட்டத்துக்கு இதுதான் முகமாக இருந்தது. 1984இல் அது தேசியப் பூங்காவானது.

இயல்பில் இது அதிகம் தரையிறங்காது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். இங்கே காட்டுக்கு நடுவில் ரோடு போவதால் கிளைகள் சேர்வதில்லை. அதனால் ரோட்டின் குறுக்கே உயரத்தில் தீயணைப்புக் குழாய்க்கான கான்வாஸ் பட்டைகளால் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். குரங்குகள் அதைப் பழகிக்கொண்டன. ஆனாலும் இறங்கத்தான் செய்கின்றன. கீழே குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் காவலர்கள் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். வெயிலோ மழையோ, நாள் முழுக்க ரோட்டோரத்தில் நிற்கிற வேலை.

காலை எட்டு மணி வாக்கில் கூட்டம் வந்தது. முதலில் சத்தம்தான் வரும், "கூ கூ" என்று அடங்கின குரலில். படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் குரங்கு நல்ல வாத்தியார். உடம்பு கன்னங்கரேல் என்றிருக்கும், முகத்தைச் சுற்றி வெள்ளி. கேமராவின் ஒளிமானி கறுப்பைப் பார்த்துவிட்டு இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகிவிடும், பிடரி வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விழும் வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்து வைத்துக்கொண்டால் பிடரி தப்பிக்கும். கறுப்பில் இருக்கிற விவரத்தை அப்புறம் மீட்டுக்கொள்ளலாம். எரிந்த வெள்ளையை மீட்கவே முடியாது. இதைப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை வேட்டி எனக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது.

இன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது பாலம். மேலே ஒரு தாய், வயிற்றில் குட்டி. கீழே தேயிலை மூட்டை ஏற்றின லாரி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். எங்கே நின்றால் இரண்டும் தெரியும் என்று பார்த்துவைத்து நின்றுகொண்டேன். குரங்கு வந்தது, லாரி வரவில்லை. லாரி வந்தது, குரங்கு வரவில்லை. அப்புறம் இரண்டும் வந்தபோது குறுக்கே ஒரு சுற்றுலா வேன் நின்றது. மதியத்துக்குமேல் கூட்டம் உள்ளே போய்விட்டது. காவலர் ஒருவர், "நாளைக்கு இதே நேரம் வரும் சார், பலா மரத்துப் பக்கமா சுத்திட்டிருக்கு" என்றார். எந்தக் குட்டிக்கு எந்தத் தாய், எது போன வாரம் எந்த வீட்டு ஓட்டைப் பிரித்து அரிசி எடுத்தது, எல்லாம் அவருக்குத் தெரிகிறது.

செவ்வாய் – மூடுபனி

விடிந்ததும் எதுவும் தெரியவில்லை. மலைப்பாதையில் வரும் கவர்கல் பக்கம் பத்தடி தள்ளி இருக்கும் வண்டியின் விளக்குகூட மங்கலாகத்தான் தெரியும் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். அறையிலேயே இருந்துவிட்டோம். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் ஜன்னல் ஓரமாக வைத்தேன். குளிரில் இருந்த லென்ஸைச் சட்டென்று சூடான அறைக்குள் வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும். அரை மணி நேரமாவது பையிலேயே இருந்து பழகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

சும்மா இருக்கிற நாளில் நான் நினைத்துக்கொள்கிற ஆள் மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன். 1950இல் கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கி, 1996இல் காலமாகும்வரை எழுதினார். தமிழிலும் எழுதினார். படம் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளையில். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கனத்த ஒரு கருவியை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று அவரே கேலியாகப் பெயர் வைத்திருந்தார். முதுமலையில் பழக்கின யானையின் முதுகில் ஏறிப்போய்க் காட்டு யானைகளை எடுத்தார். அந்தப் படங்களில் யானை எந்தப் புல்லில் நிற்கிறது, எந்த மரத்தில் உரசுகிறது, கூட்டத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். யானையின் தோலில் சுருக்கம் எத்தனை என்று காட்ட அவர் மெனக்கெடவில்லை. நான் பெரிய லென்ஸை வீட்டில் விட்டதற்குப் பள்ளிக்கூடச் சிறுமி பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இவர்.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பட்ட பாடு இன்னும் பெரியது. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்று வடக்கே ஒரு வன அதிகாரி. காட்டுப்பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, புலி அதில் கால் வைத்தால் தானே ஃப்ளாஷ் அடித்துப் படம் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார். 1925இல் லண்டன் இதழ் ஒன்றில் அந்தப் படங்கள் வந்தபோதுதான் காட்டில் தன் பாட்டுக்கு நடக்கும் புலியை உலகம் படத்தில் பார்த்தது. அதுவரை பார்த்ததெல்லாம் சுட்டுப்போட்ட புலியின்மேல் கால் வைத்து நிற்கிற துரைமார்களை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பறவைகளை ஏமாற்ற, உள்ளே கூடாக இருக்கும் ஒரு மாட்டைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஆளும் கேமராவும் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள். டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல அப்படி நின்னா யாராச்சும் ஓட்டிட்டுப் போயிருவாங்க சார்" என்றார்.

கல்யாண வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. தாலி கட்டுகிற நொடி இரண்டாவது தடவை வராது. ஐயர் "கெட்டிமேளம்" என்று சொன்னபிறகு கேமராவைத் தூக்கினால் அட்சதையும் கைகளும்தான் விழும். அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, நாத்தனார் எங்கே வந்து நிற்கிறாள் என்று பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். விலங்குக்கும் அந்த முன்நொடி உண்டு. பறக்கப்போகிற பறவை பெரும்பாலும் கொஞ்சம் குனியும், பல நேரம் எச்சமிட்டுவிட்டுத்தான் கிளம்பும். குரங்கு தாவும்முன் கிளையை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கும். கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிற காலம் இது. ஆனாலும் எப்போது தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

வித்தியாசம் ஒன்று உண்டு. கல்யாணத்தில் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லலாம். இங்கே அதைச் சொல்ல ஆரம்பித்தவர்கள் உண்டு. பழம் போட்டு வரவழைப்பது, பறவையின் குரலை செல்போனில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது, கல்லெறிந்து எழுப்பிவிடுவது. அவர்களுக்கு நல்ல படங்கள் கிடைக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் காட்டுக்கே வந்தேன்.

புதன்

காலையில் புதுத்தோட்டம். குரங்கு, லாரி, பாலம் மூன்றும் சேர்ந்து வந்தன. ஷட்டர் வேகம் நொடியில் 1/500. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி மேலே பார்க்கிறார், குட்டி கீழே பார்க்கிறது. இது நான் கேட்காதது.

மாலையில் இருவாச்சிப் பறவையைத் தேடிப் போனோம். பெரிய இருவாச்சி பறந்தால் பார்ப்பதற்கு முன்னே கேட்டுவிடும். சிறகின் அடிப்பக்கத்தில் இறகுகளின் இடைவெளியை மூடும் சிற்றிறகுகள் அதற்குக் கிடையாது, அதனால் காற்று இரைந்துகொண்டு போகும். ஒரு ஜோடி பள்ளத்தாக்கைக் கடந்து நிழல்மரத்தில் உட்கார்ந்தது. கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளுத்திருந்தால் பெண். இன்னும் சில வாரங்களில் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் பழச்சக்கையாலும் அடைத்துக்கொண்டு, சின்னக் கீறல் மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டுகிற அத்திப்பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும். கூட்டு மரத்தடியில் நாம் போய் நின்றால் ஆண் கிட்ட வராது. ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மணி நேரம் உள்ளே பட்டினி. கூடு எங்கே என்று தெரியுமா என்று டிரைவர் அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்.

வியாழன் – சிவப்பு விளக்கு

யானைகளைத் தேடிப் போகவில்லை. அவை ஒரு எஸ்டேட்டுக்கு வந்திருப்பதாக டிரைவர் அண்ணனின் போனுக்குச் செய்தி வந்தது. வால்பாறைப் பீடபூமி 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைகளுக்குத் தேயிலை வழியாகத்தான் பாதை. இந்த மாதங்களில் நடமாட்டம் அதிகம். முன்பு வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிற தொழிலாளிகள் எதிரே யானை நிற்பது தெரியாமலே போய் மாட்டிக்கொள்வார்கள். இப்போது யானை வந்தால் போனுக்குச் செய்தி வருகிறது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை என்றால் யாராவது செல்போனிலிருந்து அதை எரியவிடுவார்கள். தூரத்திலிருந்தே தெரியும். இந்த ஏற்பாட்டை வளர்த்தெடுத்த ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச்சரிவில், ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, வண்டிக்குள்ளேயே இருந்தோம். நடுவில் ஒரு பள்ளமும் ஓடையும். பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம், ஓடைக்கரைக் காட்டிலிருந்து தேயிலைக்குள் ஏறியது. தேயிலையை யானை தின்பதில்லை. வரிசைகளுக்கு நடுவே, கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கிற அதே தடத்தில் நடந்தன. மேலே தொழிலாளிகளின் லைன் வீடுகள். ஒரு வீட்டில் டிவி வெளிச்சம். யாரோ ஒரு அம்மா வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே வரச்சொல்லிக் கத்துகிற சத்தம் இங்கே வரை கேட்டது. கத்தலில் பயம் அவ்வளவாக இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

70-200 லென்ஸ், குறைந்த வெளிச்சத்துக்காக ஐ.எஸ்.ஓ. 6400, கேமரா ஆடாமல் தாங்க கதவுக் கண்ணாடியில் பீன் பேக் என்ற சிறு பை. வெளிச்சம் மங்க மங்க ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நொடியில் 1/30க்குக் கீழே போனால் யானை அசைவது தெரியும், தெரியட்டும். படத்தில் யானைகள் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கின்றன. சிவப்பு விளக்கு, டிவியின் நீலம், தேயிலையின் பச்சை கறுப்பாவது, நடுவில் ஒரு சாம்பல் வரிசை. பெரிய லென்ஸ் இருந்திருந்தால் தாயின் கண்ணை எடுத்திருப்பேன். வீடு இருந்திருக்காது.

எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஜீப் வந்து நின்றது. இறங்கிப் பள்ளத்துக்குள் போகலாமா என்று ஒருவர் கேட்டார். டிரைவர் அண்ணன் சத்தம் போட்டதில் அவர் திரும்பிப் போய்விட்டார்.

வெள்ளி – இறங்கும் வழி

காலையில் டீ குடித்துக்கொண்டே படங்களைப் பார்த்தோம். டிரைவர் அண்ணனுக்கு லாரிப் படம் பிடித்தது, காவலருக்கும் அதுதான். அவருக்கு ஒரு பிரதி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கும் அதுவே போகும்.

யானைப் படத்தில்தான் சிக்கல். முகம் மட்டும் எடுத்த படத்தில் ஒரு சௌகரியம் இருந்தது, எங்கே எடுத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதில் ஃபேக்டரி கூரை தெரிகிறது, பின்னால் மலையின் விளிம்பு தெரிகிறது. வால்பாறையைத் தெரிந்த எவரும் ஒரு நொடியில் எஸ்டேட் பேரைச் சொல்லிவிடுவார்கள். இன்று மாலை போட்டால் நாளைக்கு அந்த ரோட்டில் ஜீப்புகள் வரிசை கட்டும். இருவாச்சி ஜோடியின் படத்துக்கும் இதே கதைதான். இடம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டு, இடம் தெரிகிறதே என்று கவலைப்படுகிறேன்.

"சார், அதுங்க நகர்ந்து போனப்புறம் போடுங்க. நான் போன் பண்றேன்" என்றார் டிரைவர் அண்ணன். சரி என்றேன். ஆகவே வரையாடும் குரங்குப் பாலமும் இன்று. யானை, அவர் போன் வந்தபிறகு.